டீசல் லைன் டெஸ்ட் செட்: ரெண்டு மாசம் வச்சு பாத்துட்டு எழுதறேன்

டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் டீசல் ஒழுங்கா வருதான்னு பாக்கற இந்த செட்டை பத்தி சொல்றதுக்கு முன்னாடி வண்டிய பத்தி சொல்லியாகணும், இல்லன்னா இத எதுக்கு வாங்கினேன்னே புரியாது. பழைய லாரி, 20 வருஷத்துக்கு மேல ஓடிருச்சு, ஆறு சிலிண்டர், இன்லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசல அமுக்கி தள்ளற பழைய டைப் பம்ப்), 24 வோல்ட். எலக்ட்ரானிக்ஸ்னு ஒண்ணும் கிடையாது, அதனாலயே எனக்கு அது மேல தனி பாசம். ஆனா ஆறேழு மாசமா காலைல ஸ்டார்ட்டிங் ட்ரபிள். ராத்திரி நிறுத்திட்டு காலைல சாவி போட்டா செல்ஃப் நல்லா சுத்தும், இன்ஜின் பிடிக்காது. 10 செகண்ட் அடிச்சுட்டு, செல்ஃப் மோட்டார ஒரு நிமிஷம் ஆற விட்டு, மறுபடி அடிச்சு, மூணாவது நாலாவது தடவைல ரெண்டு சிலிண்டர் மட்டும் டொக் டொக்னு இருமும், அப்புறம் மெதுவா ஒவ்வொண்ணா சேரும், ஒரு நிமிஷம் தடுமாறிட்டு அதுக்கப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். பகல்ல எத்தனை தடவ நிறுத்தி எடுத்தாலும் சாவிய தொட்டா போதும், எடுத்துக்கும்.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பேட்டரி வீக்குன்னாங்க, ரெண்டையும் மாத்தினேன். நாசில் (சிலிண்டருக்குள்ள டீசல பீச்சற முனை) போயிருக்கும்னாங்க, ஆறையும் கழட்டி பெஞ்ச்ல போட்டு பாத்தா எல்லாம் சரியான ப்ரெஷர்ல திறக்குது, ஸ்ப்ரே நல்லா புகை மாதிரி வருது, ஒண்ணு கூட சொட்டல. அடுத்து ஒரு மெக்கானிக், "பம்ப இறக்கிருவோம் தம்பி, எலிமென்ட் தேஞ்சிருக்கும், முழுசா கேலிப்ரேஷன் பண்ணிட்டா சரியாயிரும்"னாரு. எலிமென்ட்னா பம்புக்குள்ள டீசல அமுக்கற குட்டி பிஸ்டனும் அதோட உறையும். அங்க தான் எனக்கு மனசு ஒப்பல. "அண்ணே, எலிமென்ட் தேஞ்சிருந்தா சூட்டுல தானே முதல்ல மக்கர் பண்ணணும், சூடானா டீசல் இளகிப் போய் தேஞ்ச சந்து வழியா நழுவிரும், நம்ம வண்டி சூட்டுல ஜம்முனு எடுக்குதே"ன்னு கேட்டேன், அவரு பதில் சொல்லல. பம்ப இறக்கறதுன்னா சும்மா விஷயமா, டைமிங் மார்க்ல இருந்து எல்லாம் கலைச்சு திரும்ப சேக்கணும், நல்லா இருந்த பம்ப கை வச்சு கெடுத்த கதைய நான் கண்ணால பாத்திருக்கேன்.

இதுக்கு நடுவுல வண்டியே சில விஷயங்கள சொல்லிட்டு தான் இருந்துச்சு, எனக்கு தான் சேத்து பாக்கத் தெரியல. முன்பக்கம் மேடா நிறுத்தினா காலைல ரொம்ப மோசம். டேங்க் ஃபுல்லா இருக்கற அன்னைக்கு பரவால்ல. ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசல இழுத்து பெரிய பம்புக்கு குடுக்கற சின்ன பம்ப்) மேல இருக்கற கை பம்ப முப்பது தடவ அடிச்சுட்டு சாவி போட்டா உடனே பிடிக்கும். செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸர்ல முதல் ரெண்டு தடவ புகையே வராது. இந்த கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். செல்ஃப் சுத்தும்போது வெள்ளை புகை வந்துச்சுன்னா டீசல் சிலிண்டர் வரைக்கும் போகுது, எரிய மாட்டேங்குதுன்னு அர்த்தம், அப்ப கம்ப்ரெஷன், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ணும்போது உள்ள சூடு ஏத்தற பிளக்), டைமிங், செல்ஃப் சுத்தற ஸ்பீடு, நாசில் இந்த பக்கம் தேடணும். புகையே இல்லன்னா டீசல் போய் சேரவே இல்ல, அப்ப டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் பாக்கணும். இத யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா நாசிலையே கழட்டியிருக்க மாட்டேன்.

சரி, செட்டுக்கு வர்றேன். ஆன்லைன்ல தேடும்போது கண்ணுல பட்டுச்சு, பெரிய பிராண்ட் எல்லாம் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ள என்ன இருக்குன்னா, கண்ணாடி மாதிரி உள்ள தெரியற ஹோஸ் 8 மில்லிலயும் 10 மில்லிலயும் ஒவ்வொரு மீட்டர், ஒரு பக்கம் வேக்கமும் மறுபக்கம் ப்ரெஷரும் காட்டற கேஜ் ஒண்ணு, டீ ஜாயின்ட் (T மாதிரி மூணு வழி), பாஞ்சோ போல்ட் (நடுவுல துளை இருந்து அது வழியாவே டீசல் போற போல்ட்) மூணு சைஸ்ல, காப்பர் வாஷர், கையில வச்சு அமுக்கற ரப்பர் பல்ப் பம்ப் ஒண்ணு, ஆறு கிளிப். அவ்ளோ தான். இத பாத்தா பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு தான் தோணும், ஆனா ஆறு மாசம் தலைய பிச்சுக்கிட்ட விஷயத்த இந்த ஹோஸ் ஒரே ராத்திரில காட்டிக் குடுத்துச்சு.

முதல்ல கண்ணாடி ஹோஸ ஃபீட் பம்புக்கு உள்ள போற இடத்துல மாட்டினேன், அதாவது டேங்க்ல இருந்து வர்ற லைன் முடியற இடத்துல. இன்ஜின ஓட விட்டு டார்ச் அடிச்சு பாத்தா டீசல் ஓடுதுன்னே தெரியல, அவ்ளோ தெளிவா இருக்கு. ஆனா பக்கத்துல குனிஞ்சு பாத்தா கடுகை விட சின்னதா மணி மணியா குமிழி, ஹோஸோட மேல் பக்கத்துல ஒட்டிக்கிட்டே நகர்ந்து போகுது. ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ எல்லாம் சேந்து விரல் நக அளவுக்கு ஒரு குமிழியாகி பம்புக்குள்ள போகும், அப்ப இன்ஜின் சத்தத்துல லேசா ஒரு தடங்கல். இந்த தடங்கல் இத்தனை நாளும் என் காதுல விழுந்துட்டு தான் இருந்துச்சு, பழைய வண்டின்னா அப்படி தான்னு விட்டுட்டேன்.

இன்ஜின நிறுத்தினதும் ஹோஸ செங்குத்தா கட்டி வச்சு, டீசல் நிக்கிற மட்டத்துல மார்க்கர் பேனால கோடு போட்டுட்டு போய் படுத்தேன். காலைல டார்ச்சோட வந்து பாத்தா கோட்டுல டீசல் இல்ல. ஒரு சாண் கீழ இருக்கு, அதுக்கு மேல வெறும் காத்து. எனக்கு கண்ணுல தண்ணி வராத குறை. இந்த ஒரு சாண் காத்து, அப்புறம் லைன்ல வேற எங்கெல்லாம் இறங்கியிருக்கோ அதுவும் சேந்து, எல்லாத்தையும் ஃபீட் பம்ப் இழுத்து தள்ளி முடிக்கற வரைக்கும் நான் செல்ஃப அடிச்சு பேட்டரிய கொன்னுட்டு இருந்திருக்கேன்.

காத்து ஏன் இவ்ளோ பிரச்சனைன்னு புரியாதவங்களுக்கு: இன்லைன் பம்ப்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர், அதாவது குட்டி பிஸ்டன், அது டீசல அமுக்கி தள்ளினா நாசில் திறக்கணும், என் மாதிரி பழைய டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிங்கள்ல அதுக்கு ஏறக்குறைய 200 பார் வேணும். டீசல அமுக்கினா சுருங்காதுன்னே வச்சுக்கலாம், அதனால தள்ளின தள்ளு அப்படியே நாசிலுக்கு போகும். நடுவுல காத்து மாட்டிச்சுன்னா பிளஞ்சர் போட்ட வேலை பூரா அந்த காத்த ஸ்பிரிங் மாதிரி அமுக்கி விடறதுலயே போயிரும், நாசில் அசையவே அசையாது. பாஷ் கம்பெனி இந்த வகை பம்ப வரிசையா தயாரிக்க ஆரம்பிச்சது 1927ல, அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த பம்புக்கு ஆகாத ரெண்டு விஷயம் காத்தும் தண்ணியும் தான். அதோட சக்ஷன் பக்கத்துல, அதாவது பம்ப் உறிஞ்சற பக்கத்துல, லீக் இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்து தான் உள்ள போகும். தரைல ஒரு பொட்டு டீசல் இல்லையே, அப்ப லீக் இல்லன்னு நான் நம்பினது அதனால தான்.

காத்து வருதுன்னு தெரிஞ்சாச்சு, எங்க இருந்துன்னு தேடணும்ல. ஹோஸ கழட்டி டேங்க் வாய்க்கிட்ட மாட்டி பாத்தேன், அங்க ஒரு குமிழி கூட இல்ல. அப்ப டேங்க்குள்ள இருக்கற உறிஞ்சற குழாய் நல்லா இருக்கு, தப்பு டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல. இங்க தான் அந்த ரப்பர் பல்ப் கை குடுத்துச்சு. டேங்க் பக்கம் லைன கழட்டி, பல்போட ஒரு முனைய சுத்தமான கேன் டீசல்லயும் மறுமுனைய லைன்லயும் மாட்டி, மெதுவா அமுக்கி அமுக்கி லைன் பூரா டீசல நிரப்பி கெட்டியாகற வரைக்கும் ப்ரெஷர் ஏத்தினேன். எப்பவும் உள்ள இழுக்கற லைன இப்படி வெளிய தள்ள வச்சா, காத்து போற ஓட்டை வழியா டீசல் வெளிய வந்தாகணும். முன்னாடியே லைன் பூரா துணியால துடைச்சு காய வச்சிருந்தேன், அது ரொம்ப அவசியம், இல்லன்னா பழைய அழுக்கு ஈரத்துக்கும் புது ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

அஞ்சு நிமிஷத்துல ரெண்டு இடம் வேர்த்துச்சு. ஒண்ணு, சேஸிஸ் வளையற இடத்துல ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு கீழ. வெளிய பாத்தா ஹோஸ் நல்லா தான் இருக்கு, கிளிப்ப லூஸ் பண்ணி வளைச்சு பாத்தா உள் பக்கம் வரைக்கும் பொடிப் பொடியா வெடிப்பு. இன்னொண்ணு ஃபீட் பம்ப் மேல இருக்கற கை பம்போட தண்டுல, குமிழுக்கு கீழ. ஒரு சொட்டு திரண்டு, தண்டுலயே வழிஞ்சு இறங்குச்சு. தினமும் காலைல வண்டிய காப்பாத்தினதா நான் நினைச்ச அதே கை பம்ப் தான் ராத்திரி பூரா காத்த உள்ள விட்டுட்டு இருந்திருக்கு.

ஹோஸ மட்டும் முதல்ல மாத்தினேன், ஒவ்வொண்ணா மாத்தினா தான் எது எவ்ளோ பண்ணுச்சுன்னு தெரியும். மறுநாள் காலைல நாலு தடவ அடிக்கறது ரெண்டு தடவையாச்சு. அதுக்கப்புறம் கை பம்ப் அசெம்பிளிய முழுசா புதுசு போட்டு, அந்த இடத்துல இருந்த காப்பர் வாஷரையும் மாத்தினேன். அடுத்த நாள் சாவி போட்டு ரெண்டு செகண்ட், ஆறு சிலிண்டரும் ஒண்ணா பிடிச்சுது. மார்க்கர் கோட்டுல டீசல் அப்படியே நிக்குது, ஒரு நூல் கூட இறங்கல.

வாஷர் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். பாஞ்சோ போல்ட்டுக்கு போடற காப்பர் வாஷர் ஒரு தடவ இறுக்கினா அமுங்கி கெட்டியாயிரும், அதையே திரும்ப போட்டா எவ்ளோ இறுக்கினாலும் சீல் ஆகாது. புதுசு இல்லன்னா பழசையே செக்கச் செவேல்னு ஆகற வரைக்கும் சூடு பண்ணி தண்ணில போட்டா மறுபடி இளகிரும், அப்புறம் கருப்ப தேச்சுட்டு போடலாம். ஆனா பைப் த்ரெட்டுக்கு சுத்தற வெள்ளை டேப்ப மட்டும் டீசல் லைன்ல சுத்தாதீங்க, துணுக்கு பிஞ்சு போய் ஃபீட் பம்ப் வால்வுல உக்காந்துச்சுன்னா அது தனி தலைவலி.

கேஜுக்கு அடுத்து வேலை வந்துச்சு. டீ ஜாயின்ட்ல மாட்டி ஃபீட் பம்புக்கு முன்னாடி வச்சேன், ஆக்ஸிலேட்டர் முழுசா மிதிச்சா வேக்கம் 7 இஞ்ச் காட்டுச்சு. இந்த கேஜ்ல 30ன்னா காத்தே இல்லாத முழு வேக்கம், அதுல 7ங்கறது லைன் உறிய சிரமப்படுதுன்னு அர்த்தம். ஃபீட் பம்ப் அடில இருக்கற கிண்ணத்த கழட்டினா உள்ள இருக்கற வலைல கருப்பா சேறு மாதிரி அப்பியிருக்கு. பெரிய ஃபில்டர ஒழுங்கா மாத்திட்டு வந்தேன், இப்படி ஒரு வலை இருக்கறதே பல பேருக்கு தெரியாது. கழுவி போட்டதும் 2க்கு இறங்கிச்சு. இழுவைல ஏத்தத்துல இருந்த மந்தமும் கொஞ்சம் போயிருக்கு. உங்க வண்டிக்கு எவ்ளோ வரைக்கும் இருக்கலாம்னு மேனுவல்ல பாத்துக்கங்க, ஆனா நம்பர விட நான் முக்கியமா பாக்கறது ஃபில்டர் புதுசா இருக்கும்போது எவ்ளோ இருந்துச்சு, இப்ப எவ்ளோ ஏறியிருக்குங்கறத தான். வண்டி முன்பக்க கண்ணாடில ஒட்டி வச்சிருக்கேன், 2ன்னு.

கூட்டாளி ஒருத்தரோட வண்டிலயும் போட்டு பாத்தோம், அவருக்கு காலைல பிரச்சனையே இல்ல, ஒரு மணி நேரம் ஓட்டினா தான் இழுவை குறைஞ்சு நின்னு போகும், கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடும். கேஜ மாட்டி ஓட்டிட்டு போய், மக்கர் பண்ண ஆரம்பிச்சதும் ஓரங்கட்டி பாத்தா முள்ளு 12ல நிக்குது. டேங்க் மூடிய திருகினதும் புஸ்ஸுன்னு காத்து உள்ள போன சத்தம், முள்ளு கண்ணு முன்னாடி இறங்குது. மூடில காத்து போற சின்ன ஓட்டை அடைஞ்சு கிடந்திருக்கு. அவரு ரெண்டு ஃபில்டர், ஒரு ஃபீட் பம்ப் எல்லாம் மாத்தி முடிச்சிருந்தாரு, பாவம், அன்னைக்கு அவரு முகத்த பாக்க முடியல.

இப்ப குறைங்க. கூட குடுத்த கிளிப் மோசம், திருகி இறுக்கற டைப், ஓரம் கூர்மையா இருக்கு, சாஃப்ட்டான கண்ணாடி ஹோஸ்ல பதிஞ்சு வெட்டுது, அந்த வெட்டு வழியாவே காத்து போச்சுன்னா நாம எதையோ தேடிட்டு இருப்போம். எனக்கு முதல் நாளே இந்த சந்தேகம் வந்து, ஓரம் மழுங்கின நல்ல கிளிப் தனியா வாங்கி மாட்டினேன். கேஜுக்குள்ள எண்ணெய் இல்ல, வெறும் காத்து தான், ஃபீட் பம்ப் விட்டு விட்டு இழுக்கறதுக்கு ஏத்த மாதிரி முள்ளு நடுங்குது, படிக்க முடியல. கேஜுக்கு போற சின்ன ட்யூப விரலால லேசா மடக்கி பிடிச்சா நடுக்கம் நின்னு சராசரி தெரியுது, ஆனா இந்த வேலைய அவங்க ஒரு சின்ன ஜெட் வச்சு குடுத்திருக்கலாம். பல்ப்ல எந்த பக்கம் உள்ள எந்த பக்கம் வெளியன்னு அம்புக்குறி இல்ல, வாயால ஊதி பாத்து தான் கண்டுபிடிக்கணும், டீசல்ல முக்கறதுக்கு முன்னாடியே ஊதி பாத்து மார்க் பண்ணிக்கங்க. கூட வந்த பேப்பர்ல ரெண்டு படம் இருக்கு, ஒரு வார்த்தை விளக்கம் இல்ல. புதுசா தொடறவங்களுக்கு அது பத்தவே பத்தாது.

ஹோஸ பத்தியும் சொல்லணும். மூணு வாரத்துல மஞ்சளாகி, ஆறாவது வாரத்துல குச்சி மாதிரி கெட்டியாயிருச்சு. இது டெஸ்ட் பண்ணி கழட்டறதுக்கு தான், வண்டிலயே விட்டு ஓட்டறதுக்கு இல்ல. இன்ஜின் சூட்டுக்கு பக்கத்துல இந்த மாதிரி ட்யூப் வெடிச்சா தீப்பிடிக்கற அபாயம் இருக்கு. டெஸ்ட் முடிஞ்சதும் டீசலுக்குன்னே வர்ற ரப்பர் ஹோஸ் போட்டுருங்க. அதுலயும் பயோடீசல் கலந்த டீசல் போடறவங்க, சல்ஃபர் குறைச்ச டீசலுக்கு மாறினவங்க, பழைய காலத்து ரப்பர் சீல், ஹோஸ் எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துருங்க, அந்த ரப்பர் புது டீசலுக்கு உப்பும் இல்லன்னா சுருங்கும், எப்படி பாத்தாலும் ஒழுகும்.

இந்த செட்டால முடியாதது என்னன்னும் தெரிஞ்சுக்கணும். இது டேங்க்ல இருந்து இன்ஜெக்ஷன் பம்ப் வாய் வரைக்கும் தான் பேசும். அதுக்கு அப்பால இருக்கற எலிமென்ட், டெலிவரி வால்வு, நாசில், கம்ப்ரெஷன் எதையும் இது சொல்லாது. கேஜ ஃபில்டருக்கு அப்பால ப்ரெஷர் பக்கம் மாட்டினா ஃபீட் பம்ப் எவ்ளோ தள்ளுதுன்னு தெரியும், அங்க ப்ரெஷர் கம்மியா இருந்தா பம்ப இறக்கறதுக்கு முன்னாடி ஓவர்ஃப்ளோ வால்வ கழட்டி ஸ்பிரிங் வீக்கான்னு பாருங்க, கைக்குள்ள அடங்கற சாமான், அது லூஸானா ப்ரெஷர் நிக்காம டீசல் எல்லாம் ரிட்டர்ன் லைன் வழியா டேங்க்குக்கே ஓடிரும். சூட்டுல மட்டும் ஸ்டார்ட் ஆகாத ரோட்டரி பம்ப் (ஒரே ஹெட்ல இருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல பிரிச்சு குடுக்கற டைப்) வண்டின்னா பம்ப் மேல துணி போட்டு பச்சைத் தண்ணி ஊத்தி பாப்பாங்க, ஆறினதும் பிடிச்சா பம்போட ஹெட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அதுக்கு இந்த செட் வேணாம்.

காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே ஹை ப்ரெஷர் குழாய்ல இருந்து டீசல் போற புது டைப்) வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. லோ ப்ரெஷர் பக்கம் மட்டும் தான் இத மாட்டணும். பழைய பம்ப்ல ஏர் எடுக்க நாசில் நட்ட அரை சுத்து லூஸ் பண்ற மாதிரி அங்க பண்ணவே பண்ணாதீங்க, ஆயிரம் பாருக்கு மேல இருக்கும், அந்த டீசல் பீச்சினா தோலை துளைச்சு உள்ள போயிரும், பாத்தா ஊசி குத்தின மாதிரி தான் இருக்கும், கையையே எடுக்க வேண்டி வரலாம். பழைய வண்டிலயும் லீக்க கையால தடவி தேடாதீங்க, அட்டைய பிடிச்சு பாருங்க. அப்புறம் ஸ்டார்ட் ஆகலன்னு ஏர் இன்டேக்ல ஈதர் ஸ்ப்ரே (சட்டுனு பத்திக்கற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) அடிக்கற பழக்கம் இருந்தா, ஹீட்டர் பிளக் இருக்கற வண்டில தயவுசெஞ்சு வேணாம், நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு பிஸ்டன் போன வண்டிங்க இருக்கு.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், ஒண்ணு குறைச்சது கிளிப்புக்கும் அந்த பேப்பருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஃபீட் லைனோட உள் அளவும், ஃபீட் பம்ப்ல இருக்கற பாஞ்சோ போல்ட் சைஸும் அளந்துக்கங்க, செட்ல வர்ற மூணு போல்ட்ல ஒண்ணு தான் எனக்கு சேந்துச்சு, லைன் 12 மில்லி இருக்கற பெரிய வண்டிங்களுக்கு இதுல இருக்கற ஹோஸ் பத்தாது, தனியா வாங்கணும்.